பெத்தேலின் கன்றுக்குட்டி யாருடையது?

இஸ்ரவேலர் பொற்கன்றுக்குட்டியை வணங்கியபோது கர்த்தரைவிட்டு வேறொரு தேவனை நாடினர் என்றே பெரும்பாலும் பிரசங்கிக்கிறோம். யாத்திராகமம் 32-ஆம் அதிகாரத்தைக் கூர்ந்து வாசிப்போர் இதில் ஒரு சிக்கலைக் காண்பர். கன்றுக்குட்டிக்கு முன் பலிபீடம் கட்டிய ஆரோன், மறுநாள் கர்த்தருக்குப் பண்டிகை என்றே அறிவிக்கிறான் (32:5). எபிரெய மூலத்தில் அங்கு நிற்பது 'யாவே' என்னும் திருப்பெயரே.

யெரொபெயாமின் செயலும் இத்தகையதே. பெத்தேலிலும் தாணிலும் அவன் கன்றுக்குட்டிகளை நிறுத்தியது, மக்கள் எருசலேமுக்குச் சென்றால் தாவீதின் வீட்டாரிடம் திரும்பிவிடுவர் என்னும் அச்சத்தினாலேயாம் (1 இராஜாக்கள் 12:26-29). அறிமுகமற்ற தேவனை நிறுத்தியிருந்தால் அவ்வச்சம் தீர்ந்திராது. பின்னாளில் பாகாலின் கோவிலை இடித்த யெகூவும் இக்கன்றுக்குட்டிகளை விட்டுவைத்தான் (2 இராஜாக்கள் 10:27-29). கர்த்தருக்காகத் தனக்குள்ள வைராக்கியத்தைப் பறைசாற்றிய அவனுக்கு அவை அந்நிய தேவர்களாகத் தோன்றவில்லை போலும்.

சீரியச் சிற்பங்களில் புயல் தேவனாகிய ஆதாத் காளையின் முதுகின்மேல் நிற்கக் காண்கிறோம். இதைக்கொண்டு ஆல்பிரைட் போன்ற அறிஞர், கன்றுக்குட்டி கர்த்தரின் உருவமன்று, கண்ணுக்குப் புலப்படாத அவர் நிற்கும் பீடமே என்றனர். கருத்து கவர்ச்சியானதே. ஆயினும் பீடத்திற்கும் தேவனுக்கும் உள்ள இவ்வேறுபாட்டைக் கற்றோர் காக்கலாம். வணங்கவந்த மக்கள் காக்கவில்லை. கன்றுக்குட்டிகளை முத்தமிடும் வழக்கத்தை ஓசியா கண்டிக்கிறார் (13:2).

1978-இல் தோத்தானுக்கு அருகில், சமாரிய மலைப்பகுதியில், ஏறத்தாழ 18 சென்டிமீட்டர் நீளமுள்ள வெண்கலக் காளை ஒன்று தற்செயலாகக் கிடைத்தது. அமிஹாய் மசார் 1982-இல் அதைப் பற்றி எழுதினார். கி.மு. 12-ஆம் நூற்றாண்டைச் சார்ந்த அது யாவேயைக் குறித்ததா, பாகாலைக் குறித்ததா என்பதை அவ்வுலோகம் சொல்லாது. உகாரித் ஏடுகளிலோ 'எல்' என்னும் தேவனுக்கும் காளை என்ற பட்டம் உண்டு. பெயர்களுக்கிடையே உள்ள எல்லை இவ்வாறு ஓர் உருவத்தில் அழிந்துபோகிறது.

உபாகமம் 4:15-18 மிருகம், பறவை, ஊரும் பிராணி, மச்சம் ஆகியவற்றின் சொரூபங்களை விலக்கும்போது கூறும் காரணம் கருதத்தக்கது: ஓரேபிலே மக்கள் யாதொரு ரூபத்தையும் காணவில்லை, சத்தத்தை மாத்திரம் கேட்டனர். பேசுகிறவர் கட்டளையிடுவார், கடிந்துகொள்வார். கன்றுக்குட்டியோ பேசாது, அதை நிறுத்தியவனே அதற்காகப் பேசுகிறான். பெத்தேலின் ஆசாரியனாகிய அமத்சியா, அது ராஜாவின் பரிசுத்த ஸ்தலம் என்று காரணங்காட்டி, அங்கே இனித் தீர்க்கதரிசனம் உரைக்கலாகாதென ஆமோசைத் தடுத்தான் (ஆமோஸ் 7:13).