குன்றில் வாழும் துவரையின் உறவு

நாள்தோறும் நம் இல்லங்களில் சாம்பாருக்கு வேகும் துவரம்பருப்பின் உற்றார் உறவினர் யார் என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. புனே, ஐதராபாத் முதலிய தக்காண நகரங்களில் குடியேறிய நம்மவர், மழைக்காலம் கழிந்தபின் அருகிலுள்ள வறண்ட குன்றுகளுக்கு உலாவச் செல்வது உண்டு. அங்கே புல்லோடும் முட்புதரோடும் பின்னிக் கிடக்கும் சிறு கொடியொன்று துவரையின் நெருங்கிய உறவு. களையென்று கருதிப் பலரும் மிதித்துச் செல்லும் அதனை அறிந்துகொள்வது கடினமன்று.

தாவர நூலார் இதனைக் கஜானஸ் ஸ்காரபியாய்டிஸ் என்பர். நெடுங்காலம் வேறோர் இனத்தில் வைத்து எண்ணப்பட்ட இதனை, 1986-ல் வான் டெர் மேசன் என்னும் அறிஞர் துவரையின் இனத்திலேயே சேர்த்தார். தமிழில் காட்டுத் துவரை என்று நாம் அழைக்கலாம்.

முதலில் இலையை நோக்குக. ஒரு காம்பில் மூன்று சிற்றிலைகள் இருக்கும். வயல் துவரையின் சிற்றிலைகள் நீண்டு கூர்மையானவை. இதன் சிற்றிலைகளோ முனை மழுங்கி, பெரும்பாலும் 4 சென்டிமீட்டருக்கு உட்பட்டவை. அடிப்புறம் சாம்பல் நிற மயிர் படர்ந்திருக்கும். மூன்று நரம்புகள் அடியிலிருந்தே எழும். பூக்கள் மஞ்சள் நிறமுடையன. இலைக்கக்கத்தில் சிலவாக மலரும்.

காய்தான் உறுதியான சான்று. சுமார் 2 சென்டிமீட்டர் நீளமுள்ள தட்டையான காய். மேலெல்லாம் பழுப்பு மயிர். விதைகளுக்கிடையே குறுக்காகப் பள்ளக் கோடுகள். முற்றியதும் தானே வெடித்து விதைகளைச் சிதறும். கருமை படர்ந்த விதையின் தழும்பருகே வெளிறிய தடிப்பு ஒன்று தெரியும். வயல் துவரையில் பெரும்பாலும் இது காணப்படாது.

மாறாக எண்ணத்தக்க கொடிகள் சிலவும் உண்டு. ரிங்கோசியா என்னும் சிறு கொடிக்கும் மூன்று சிற்றிலைகளும் மஞ்சள் பூவும் உள. ஆயின் அதன் காய் அரிவாள்போல் வளைந்து, ஓரிரு விதைகளே கொண்டது. பூனைக்காலியின் பூ ஊதா. காயின் மயிர் மேலே பட்டால் பொறுக்க முடியாத அரிப்பு உண்டாகும். குன்றிமணியின் இலை புளியிலை போன்றது. அதன் அழகிய சிவந்த விதை கொடிய நஞ்சு. ஆதலின் பெயர் தெளியாத காயைத் தொடவோ வாயிலிடவோ குழந்தைகளை விடலாகாது.

இக்கொடியால் நமக்கு என்ன பயன் என்று கேட்கலாம். துவரைக்கும் இதற்கும் குரோமோசோம் 11 இணைகளே; இரண்டையும் கலந்து இனவிருத்தி செய்ய இயலும். துவரங்காயைத் துளைத்துப் பெருநட்டம் விளைக்கும் காய்ப்புழு, இதன் மயிரடர்ந்த காயில் எளிதில் நுழைவதில்லை. இதனைத் தாயாகக் கொண்டு மகரந்தம் உண்டாகாத துவரைச் செடிகளை ஆய்வாளர் பெற்றனர். அவற்றின் வழியே குஜராத்தில் 2004-ல் ஜி.டி.எச்.-1 என்னும் கலப்பினத் துவரை வெளிவந்தது. நம் உணவுக்கு வேண்டிய பண்புகளை, எவரும் நீர் ஊற்றாத கொடியொன்று காத்து வந்திருக்கிறது!

குன்றுகளை வெட்டி மனையாக்கும்போதும், புல்லுக்குத் தீயிடும்போதும் இத்தகைய செல்வங்கள் எவரும் அறியாமலே மறைகின்றன. பெயர் தெரியாத பொருளுக்காகப் பரிந்து பேசுவார் யார்? எனவே அடுத்த முறை குன்றேறும்போது பிள்ளைகளுக்கு இக்கொடியைக் காட்டுங்கள். வேரோடு பிடுங்க வேண்டாம். உலர்ந்த காய் ஒன்றைத் திறந்து பார்த்து, விதைகளை அங்கேயே தூவிவிடுங்கள். வந்து வாழும் மண்ணை அறிந்து போற்றுவதும் நம் கடமையன்றோ?