வரிசையைத் தாண்டத் தனிக் கட்டணம்: கொடுத்த பணத்துக்குப் பலன் உண்டா?

கடையில் கூட்டம் நெரியும் நேரத்தில் ஒருவர் வந்து, "பத்து ரூபாய் கூடுதலாகத் தருகிறேன், எனக்கு முதலில் சரக்கைப் போடுங்கள்" என்று கேட்டால் நாம் என்ன செய்வோம்? "கொஞ்சம் பொறுங்கள் ஐயா, வரிசைப்படி தந்துவிடுகிறோம்" என்போம். காத்து நிற்கும் மற்ற வாடிக்கையாளரின் முகம் நமக்கு முக்கியம். ஆனால் அமெரிக்காவின் பெரிய கேளிக்கைப் பூங்காக்கள் அந்தப் பத்து ரூபாயையே ஒரு தனிச் சரக்காக்கி, அதற்கு விலைப்பட்டியலும் போட்டுவிட்டன.

பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா செல்லும் நம் வணிகக் குடும்பங்கள் பல, டிஸ்னி பூங்காவுக்கும் ஒரு நாள் போய் வருகின்றன. நம் பக்கத்து வொண்டர்லா பூங்காக்களிலும் விரைவு வரிசைச் சீட்டு தனி விலைக்கு விற்கப்படுகிறது. ஆகவே இந்தச் சீட்டை வாங்கலாமா என்பதை வாங்குபவர் கண்ணாலும் விற்பவர் கண்ணாலும் பார்ப்பது நல்லது.

இலவசம் விலைக்கு வந்த கதை

கலிபோர்னியாவில் டிஸ்னிலேண்ட் 1955-ல் திறக்கப்பட்டது. அந்த ஆண்டே சவாரிகளுக்குக் கூப்பன் புத்தகம் வந்தது. சவாரிக்குத் தக்க கூப்பனைக் கிழித்துக் கொடுக்க வேண்டும். 1982-ல் அந்த முறை போய், நுழைவுச் சீட்டு ஒன்று வாங்கினால் எல்லாச் சவாரியும் ஏறலாம் என்று ஆனது. விளைவு, பெயர் பெற்ற சவாரிகளின் முன்னால் நீண்ட வரிசை.

1999-ல் 'ஃபாஸ்ட்பாஸ்' என்ற முறையை டிஸ்னி கொண்டுவந்தது. இயந்திரத்தில் நுழைவுச் சீட்டைச் செருகினால், எந்த நேரத்துக்குத் திரும்பி வரலாம் என்று குறித்த துண்டுச் சீட்டு கிடைக்கும். காசு இல்லை. இதில் நிறுவனத்துக்கும் ஆதாயம் உண்டு. வரிசையில் நிற்பவர் பணப்பையைத் திறப்பதில்லை. வெளியே உலாவுபவர்தான் பலகாரமும் பொம்மையும் வாங்குவார்.

2020-ல் கொரோனாவால் பூங்காக்கள் மூடப்பட்டன. மீண்டும் திறந்தபோது அந்த இலவச முறை திரும்பவில்லை. 2021 அக்டோபரில் ஃபுளோரிடாவின் வால்ட் டிஸ்னி வேர்ல்டில் 'ஜீனி பிளஸ்' என்ற பெயரில் ஆள் ஒன்றுக்கு நாளுக்கு 15 டாலர் என்று தொடங்கினார்கள். 2024 ஜூலையில் அது 'லைட்னிங் லேன் மல்டி பாஸ்' ஆயிற்று. 2024 அக்டோபரில் 'பிரீமியர் பாஸ்' வந்தது. டிஸ்னிலேண்டில் அதன் தொடக்க விலை 400 டாலர். ஃபுளோரிடாவின் மேஜிக் கிங்டம் பூங்காவில், நாளைப் பொறுத்து 329 முதல் 449 டாலர் வரை என்று அறிமுகம் செய்தார்கள். இவையெல்லாம் நுழைவுச் சீட்டின் விலைக்கு மேலே, அதுவும் தலைக்கு என்பதைக் கவனிக்க வேண்டும்.

வாங்குபவர் கணக்கு

மல்டி பாஸ் ஒரு பேச்சுக்கு 30 டாலர் என்று வைத்துக்கொள்வோம். நால்வருக்கு 120 டாலர். நெரிசலான கிறிஸ்துமஸ் வாரத்தில் அது மூன்று மணி நேரத்தை மிச்சப்படுத்தினால், குடும்பத்துக்கு மணிக்கு 40 டாலர் விழுகிறது. ஒரே ஒரு நாள்தான் கையில் இருக்கிறது என்றால் அது நியாயமான விலையே. அதே சீட்டைக் கூட்டமில்லாத வாரநாளில் வாங்கி, மொத்தத்தில் அரை மணிதான் மிஞ்சியது என்றால் மணிக்கு 240 டாலர் ஆகிறது. சரக்கு ஒன்றுதான், நாள்தான் வேறு.

வாங்கும் முன் நிபந்தனைகளைப் படிப்பதும் அவசியம். மல்டி பாஸில் ஒரு சவாரிக்கு நாளில் ஒரு முறைதான் சலுகை. எல்லாரும் விரும்பும் ஓரிரு சவாரிகளை அதில் சேர்க்காமல் 'சிங்கிள் பாஸ்' என்று தனியே விற்கிறார்கள். ஃபுளோரிடாவில் டிஸ்னி விடுதியில் தங்குபவர் 7 நாள் முன்னதாகவும், மற்றவர் 3 நாள் முன்னதாகவும் நேரம் குறிக்கலாம். பிந்தி வருபவருக்கு நல்ல நேரங்கள் கிடைப்பது அரிது. உயரம் போதாத குழந்தையைச் சில சவாரிகளில் ஏற்றமாட்டார்கள். அவற்றை நம்பி அந்தக் குழந்தைக்கும் சீட்டு எடுத்தால் பணம் வீண்.

காசில்லாமலும் வழிகள் உண்டு. கதவு திறக்கும் முன்பே போய் நின்றால் முதல் ஒரு மணி நேரத்தில் பல சவாரிகளை முடித்துவிடலாம். தனியாக ஏறச் சம்மதிப்பவருக்குச் சில சவாரிகளில் தனி வரிசை இருக்கிறது. கைக்குழந்தையோடு பெற்றோரில் ஒருவர் வெளியே இருந்தால், மற்றவர் ஏறி இறங்கிய பின் அவரும் முழு வரிசையில் நிற்காமல் ஏற டிஸ்னியில் ஏற்பாடு உண்டு. ஆர்லாண்டோவின் யூனிவர்சலில், உயர்தர விடுதிகள் மூன்றில் தங்குபவருக்குப் பழைய இரண்டு பூங்காக்களுக்கான விரைவுச் சீட்டு அறை வாடகையிலேயே அடக்கம். 2025 மே மாதம் திறந்த எபிக் யூனிவர்ஸ் பூங்காவுக்கு அது செல்லாது. நால்வர் கொண்ட குடும்பம் அறை வாடகையையும் சீட்டு விலையையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே முடிவு செய்ய வேண்டும்.

நிற்பவர் கொடுக்கும் விலை

இனி விற்பவர் பக்கம் வருவோம். ஒரு சவாரியில் மணிக்கு 1,200 பேர் ஏறலாம் என்று வைத்துக்கொள்வோம். வரிசையில் 1,000 பேர் நின்றால் கடைசி ஆளுக்கு 50 நிமிடம். அந்த 1,200 இடங்களில் 700-ஐப் பணம் கட்டியவருக்கு ஒதுக்கினால் பொது வரிசைக்கு எஞ்சுவது 500. இப்போது அதே கடைசி ஆள் 2 மணி நேரம் நிற்க வேண்டும். சவாரியின் திறன் ஓர் இடம்கூடக் கூடவில்லை. ஒருவருக்கு விற்ற நேரம் இன்னொருவரிடமிருந்து எடுத்த நேரம்.

இதில் வேறொரு சங்கதியும் இருக்கிறது. பொது வரிசை நீள நீள, விரைவுச் சீட்டின் மதிப்பு ஏறும். சீட்டு அதிகம் விற்றால் விரைவு வரிசையே நீளும். அதற்கும் மேலே இன்னொரு உயர்ந்த சீட்டு தேவைப்படும். 15 டாலரில் தொடங்கியது மூன்றே ஆண்டுகளில் 449 டாலர் வரை ஒரு புதுப் படியைக் கண்டது. வரிசையைக் குறைப்பதில் விற்பவருக்கே அக்கறை குறையும் ஆபத்து இங்கேதான்.

பூங்காவுக்கு வருபவர்களில் பலர் வாழ்நாளில் ஓரிரு முறை வருபவர்கள். நம் கடைக்கு வருபவரோ மாதம் தவறாமல் வருபவர். அவரை நிற்க வைத்து இன்னொருவரை முன்னால் விட்டால், அடுத்த மாதப் பட்டியல் எதிர்க்கடைக்குப் போய்விடும். விரைவுக்குக் காசு வாங்கவே கூடாது என்பதில்லை. தனி ஆளும் தனி வண்டியும் வைத்து வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தால் தாராளமாகக் கட்டணம் வாங்கலாம். அதனால் வரிசையில் நிற்பவர் எவருக்கும் ஒரு நிமிடமும் நட்டமில்லை.

ஆகவே வாங்குபவருக்குச் சொல்வது இது: நெரிசல் நாள், ஒரே நாள் பயணம் என்றால் சாதாரண விரைவுச் சீட்டு வாங்கலாம், மற்ற நாட்களில் விடியற்காலையில் எழுந்திருப்பதே போதும். கடை வைத்திருப்பவருக்கு: தீபாவளிக் கூட்டத்தில் முறையை விற்க வேண்டாம், தராசடியில் இன்னோர் ஆளைப் போடுங்கள்.