செவ்வாயில் தடுமாறிய எந்திரம்! "இல்லை" என்பதை "ஆம்" ஆக்கியதும் பிழைத்தது

பாகலூர்.

ஓசூரில் இருந்து மாலூர் போகும் ரோட்டில் இருக்கிறது இந்த ஊர். ரோஜாவும் காய்கறியும் விளைகிற பூமி. கர்நாடக எல்லை கூப்பிடு தூரம். கடைத்தெருவில் நின்றால் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் காதில் விழும்.

காலை ஷிப்டு நேரம். ஓசூர் தொழிற்சாலைகளுக்குப் போகிறவர்கள் மோட்டார் சைக்கிளில் பறக்கிறார்கள். திடீர் என்று ஒரு நாய் குறுக்கே ஓடுகிறது. வண்டிக்காரர் பிரேக்கை அழுத்துகிறார். வண்டி வழுக்காமல் நிற்கிறது. நாய் தப்பியது. அவரும் தப்பினார்.

வண்டியை நிறுத்தியது யார்?

"அவருடைய கைதான்" என்பீர்கள். பாதிதான் சரி. மீதிப் பாதி, வண்டிக்குள் ஒளிந்து இருக்கும் நகம் அளவு மூளையின் வேலை!

மூளை இல்லாத வண்டி

1980-ம் ஆண்டு ஓசூரில் இருந்து டி.வி.எஸ். 50 வண்டி வெளிவந்தது. கணவன், மனைவி இரண்டு பேரும் ஏறிப் போகலாம். அந்த வண்டிக்கு மூளை கிடையாது. கம்பி, ஸ்பிரிங், பெட்ரோல். அவ்வளவுதான். கெட்டுப் போனால் தெருமுனை மெக்கானிக் ஸ்பானரை எடுப்பார். பத்து நிமிஷத்தில் ஓடும்.

இப்போது அப்படி இல்லை. 2019 ஏப்ரல் முதல், 125 சி.சி.க்கு மேற்பட்ட மோட்டார் சைக்கிள்களில் "ஏ.பி.எஸ்." பிரேக் கட்டாயம். சக்கரம் இறுகிப்போய் வழுக்காமல் காப்பது அது. 2020 ஏப்ரலில் புகைக் கட்டுப்பாடு இறுகியது. பெட்ரோலை அளந்து ஊற்றுகிற வேலையும் மின்னணு மூளைக்குப் போய்விட்டது. ஓசூரில் தயாராகும் மின்சார ஸ்கூட்டர்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். பேட்டரி, மோட்டார், விளக்கு எல்லாமே மூளை சொன்னபடிதான்.

ஒரு கணக்குப் பாருங்கள். மணிக்கு 60 கிலோ மீட்டர் வேகத்தில் போகிற வண்டி, ஒரு விநாடியில் 16 மீட்டருக்கு மேல் ஓடிவிடும். பிரேக் மூளை சரியான முடிவைத்தான் எடுத்தது. ஆனால் அரை விநாடி தாமதமாக எடுத்தது என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் வண்டி 8 மீட்டர் போய்விடும். இரண்டு லாரிகளுக்கு நடுவே 8 மீட்டர் என்பது உயிர்!

இங்கே தாமதமாக வந்த சரியான பதிலும் தவறான பதிலும் ஒன்றுதான்.

மேஸ்திரி யார்?

இந்தச் சின்ன மூளை பெரும்பாலும் ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் செய்யும். ஆனால் அதற்கு முன்னால் பத்து வேலை காத்து நிற்கும். சக்கரத்தின் வேகத்தைப் பார்க்க வேண்டும். பேட்டரிச் சூட்டைப் பார்க்க வேண்டும். முன்னால் இருக்கிற திரையில் எண்ணைக் காட்ட வேண்டும்.

எது முதலில்? எது பிறகு? அதைச் சொல்ல ஒரு மேஸ்திரி வேண்டாமா? அந்த மேஸ்திரியும் ஒரு புரோகிராம்தான். "நீ நிறுத்து. அவனை விடு. அவன் வேலை அவசரம்" என்று ஒரு விநாடியில் நூற்றுக்கணக்கான தடவை உத்தரவு போடும்.

இதற்கு "ஆர்.டி.ஓ.எஸ்." என்று பெயர். லைசென்ஸ் கொடுக்கும் ஆர்.டி.ஓ. ஆபீசுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. அங்கே காத்திருக்கலாம். இங்கே காத்திருக்க முடியாது!

இந்த மேஸ்திரிகளில் பல ரகம் உண்டு. ரிச்சர்டு பாரி என்பவர் உருவாக்கிய "ஃப்ரீ ஆர்.டி.ஓ.எஸ்." உலகம் பூராவும் பரவி இருக்கிறது. 2016-ம் ஆண்டு "செஃபிர்" என்று ஒன்று வந்தது. இரண்டையும் காசு கொடுக்காமல் வாங்கிக் கொள்ளலாம். உள்ளே எழுதி இருப்பதைப் படித்தும் பார்க்கலாம்.

வண்டிக்கு முன்னால் கேள்வித்தாள்

வாங்கி வந்து அப்படியே வண்டியில் ஏற்றிவிடலாமா? முடியாது. முதலில் ஒரு கேள்வித்தாளை நிரப்ப வேண்டும். ஃப்ரீ ஆர்.டி.ஓ.எஸ்.சில் இது ஒரு சின்ன ஏடு. 1 என்றால் "ஆம்". 0 என்றால் "இல்லை". செஃபிரில் இது பட்டியலாகவே திரையில் வரும். ஒன்றுக்கு "ஆம்" போட்டால், அதைச் சார்ந்த நாலு கேள்விகள் புதிதாக முளைக்கும். கல்யாணத்துக்கு விருந்து உண்டு என்று சொன்ன உடனே, "எத்தனை இலை? பாயசம் உண்டா?" என்று சமையல்காரர் அடுக்குவாரே, அதே கதைதான்.

பதில்களைப் பார்த்துத்தான் கம்பைலர் என்கிற தொழிலாளி, வேண்டியதை மட்டும் சேர்த்துப் புரோகிராமைக் கட்டுகிறது. வேண்டாததை வெளியே தள்ளிவிடுகிறது.

ஏன் இந்தக் கஞ்சத்தனம்? இடம் இல்லை. பரவலாகப் புழங்கும் ஒரு சில்லில், வேலை செய்வதற்கான நினைவு இடம் 20 கிலோ பைட்தான். சட்டைப்பையில் இருக்கிற செல்போன் 4 ஜி.பி. என்றால், அது இதைவிட இரண்டு லட்சம் மடங்கு பெரிசு! செல்போன் ஒரு ஜமீன் மாளிகை. இது குருவிக்கூடு.

சிலேட்டு சின்னதாகிப் போனால்?

கேள்விகளில் ஒன்று: "ஒவ்வொரு வேலைக்கும் எவ்வளவு இடம்?"

ஒவ்வொரு வேலைக்காரனுக்கும் கணக்குப் போட ஒரு சிலேட்டு கொடுக்கப்படுகிறது. பெரிய சிலேட்டாகக் கொடுத்தால் நாலு பேருக்கு மேல் கிடைக்காது. சின்னதாகக் கொடுத்தால் எழுத இடம் போதாது. போதாவிட்டால் அவன் நிறுத்த மாட்டான். பக்கத்தில் இருப்பவனுடைய சிலேட்டில் எழுதத் தொடங்குவான்! அவனுடைய கணக்கு அழியும். தப்பு செய்தவன் ஒருவன். மாட்டிக் கொள்பவன் இன்னொருவன். இந்தக் கோளாறைக் கண்டுபிடிக்க என்ஜினீயர்கள் படும் பாடு கொஞ்சநஞ்சம் அல்ல. வண்டி பத்து நாள் நன்றாக ஓடும். பதினோராவது நாள் காரணமே இல்லாமல் நிற்கும்.

இதைக் காவல் காக்கவும் கேள்வித்தாளில் ஓர் இடம் இருக்கிறது. அதை இயக்கினால், சிலேட்டின் கடைசி வரியில் ஓர் அடையாளம் போட்டு வைக்கும். அடையாளம் அழிந்து இருந்தால் "திருடன்" என்று கத்தும். எந்தத் திருடனையும் தப்பாமல் பிடித்துவிடும் என்று சொல்ல முடியாது. என்றாலும் பெரும்பாலும் பிடிபடுவான். காவலுக்குக் கொஞ்சம் நேரம் செலவாகும். அந்தக் கொஞ்ச நேரத்தை மிச்சம் பிடிக்க, காவல்காரனை வீட்டுக்கு அனுப்புகிறவர்களும் உண்டு.

19 கோடி கிலோ மீட்டருக்கு அப்பால்

ஒரே ஒரு "ஆம்", "இல்லை" என்ன செய்யும் என்பதற்கு உலகப் புகழ் பெற்ற கதை ஒன்று இருக்கிறது.

1997-ம் ஆண்டு ஜூலை 4-ந் தேதி. அமெரிக்காவின் "பாத்ஃபைண்டர்" விண்கலம் செவ்வாய்க் கிரகத்தில் இறங்கியது. காற்றுப் பைகளைக் கட்டிக்கொண்டு, பந்து போல் துள்ளித் துள்ளி இறங்கியது. உள்ளே 10 கிலோ சொச்சம் எடை உள்ள குட்டி வண்டி. படங்கள் வந்தன. உலகமே கைதட்டியது.

சில நாட்கள் கழித்து விண்கலம் தானாகவே அணைந்து மறுபடியும் தொடங்கியது. பிறகு மறுபடியும் அதே கதை. ஒவ்வொரு தடவையும் அன்றைய வேலைகளில் மிச்சம் இருந்தது கெட்டுப் போய், மறுநாளைக்குத் தள்ளிப் போனது. பூமியில் இருந்து ஒரு செய்தி போய்ச் சேரவே 10 நிமிஷத்துக்கு மேல் ஆகும் தூரம். ஸ்பானரை எடுத்துக்கொண்டு யார் போவது?

நடந்தது இதுதான். ஒரு வீட்டுக் கதையாகச் சொன்னால் எளிதில் விளங்கும்.

வீட்டில் ஒரே ஓர் உக்கிராண அறை. ஒரே சாவி. சாவியை எடுத்துக்கொண்டு போனவன், கடைக்குட்டிப் பையன். அந்த நேரம் பார்த்துத் தாத்தாவுக்கு அவசரமாகச் சாவி வேண்டும். "பையன் வரட்டும்" என்று காத்திருக்கிறார். பையன் கிளம்புகிறான். வழியில் மாமா மறிக்கிறார். "டேய், நான் பேசுகிறேன், நில்!" பையன் மாமாவை மீற முடியுமா? நிற்கிறான். மாமா பேசிக்கொண்டே இருக்கிறார். அவருக்குத் தாத்தா காத்திருப்பது தெரியாது. வீட்டில் பெரியவர் தாத்தாதான். ஆனால் மாமாவின் வாயால் தாத்தாவின் வேலை நின்றுவிட்டது!

விண்கலத்தில் கடைக்குட்டி, வானிலைக் கணக்கு எடுக்கும் வேலை. தாத்தா, கருவிகளுக்கு இடையே தகவலைக் கொண்டுபோகும் முக்கிய வேலை. நடுவில் புகுந்த மாமா, நேரம் பிடிக்கிற மற்ற வேலைகள். தாத்தா குறித்த நேரத்தில் வேலையை முடிக்கவில்லை என்றதும், விண்கலத்தின் காவல் ஏற்பாடு "ஏதோ ஆபத்து" என்று எல்லாவற்றையும் அணைத்து மறுபடியும் தொடங்கியது.

இதற்கு மருந்து முன்பே உண்டு. தாத்தா காத்திருக்கும் வரை, தாத்தாவின் மரியாதை சாவி வைத்து இருக்கும் பையனுக்கு! அப்போது மாமாவால் மறிக்க முடியாது. பையன் ஓடிவந்து சாவியைக் கொடுப்பான். கொடுத்ததும் பழையபடி கடைக்குட்டி ஆகிவிடுவான்.

அந்த விண்கலத்தில் இருந்த மேஸ்திரி, "வி.எக்ஸ். ஒர்க்ஸ்". அதில் இந்த மருந்தும் இருந்தது! கேள்வித்தாளில் அந்த இடத்தில் "இல்லை" என்று இருந்தது. அவ்வளவுதான்.

கலிபோர்னியாவில் பூமியிலேயே வைத்து இருந்த இரட்டைப் பிறவி எந்திரத்தில், என்ஜினீயர்கள் அதே வேலைகளைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டார்கள். கோளாறு ஒருவழியாக அங்கேயும் தலைகாட்டியது. எந்த வேலை எப்போது ஓடியது என்று குறித்து வைக்கும் வசதியை அவர்கள் புரோகிராமை விட்டு நீக்காமல் வைத்து இருந்தது உதவியது. திருத்தத்தைச் செவ்வாய்க்கு அனுப்பினார்கள். "இல்லை", "ஆம்" ஆயிற்று. அந்தக் கோளாறு அதோடு நின்றது. 30 நாளைக்கு என்று திட்டமிட்ட விண்கலம், செப்டம்பர் 27-ந் தேதி வரை பூமியோடு பேசியது.

இதில் மனசைக் குத்துகிற செய்தி ஒன்றும் உண்டு. கிளம்புவதற்கு முன்பு, பூமியில் சோதித்தபோதே இப்படி ஒன்றிரண்டு தடவை அணைந்தது. மறுபடியும் வரவழைத்துப் பார்க்க முடியவில்லை. மற்ற வேலைகளின் நெருக்கடியில் அதை விட்டுவிட்டார்கள்.

பாகலூர் ரோஜாவுக்கு எத்தனை நிமிஷம் தண்ணீர்?

செவ்வாய் தூரம். பாகலூருக்கே வருவோம்.

இந்த வட்டாரத்தில் பசுமைக்குடில் போட்டு ரோஜா வளர்க்கிறார்கள். சொட்டு நீர் வால்வைத் திறந்து மூட ஒரு சின்னக் கருவியை, ஒரு மாணவர் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 10 நிமிஷம் தண்ணீர் விட வேண்டும்.

மேஸ்திரிக்குக் கையில் கடிகாரம் உண்டு. அது ஒரு விநாடிக்கு எத்தனை தடவை "டிக்" அடிக்க வேண்டும் என்பதும் கேள்வித்தாளில் ஒரு கேள்விதான். மாணவர் 100 என்று எழுதுகிறார். 10 நிமிஷத்துக்கு 60 ஆயிரம் டிக். "60 ஆயிரம் டிக் எண்ணி வால்வை மூடு" என்று புரோகிராம் எழுதுகிறார். வேலை நன்றாக நடக்கிறது.

பிறகு ஒரு நாள், "இன்னும் நுட்பமாக இருக்கட்டுமே" என்று 100-ஐ 1,000 ஆக்குகிறார். ஒரே ஒரு பூச்சியம்தான் கூடுதல். புரோகிராமில் ஓர் எழுத்தைக்கூடத் தொடவில்லை. என்ன ஆகும்? 60 ஆயிரம் டிக் ஒரே நிமிஷத்தில் முடிந்துவிடும்! ரோஜாவுக்கு 10 நிமிஷத் தண்ணீருக்குப் பதில் 1 நிமிஷத் தண்ணீர். கருவி கெட்டுப் போகவில்லை. சிவப்பு விளக்கு எரியவில்லை. செடி வாடும்போதுதான் தெரியும்.

சரி, 6 லட்சம் டிக் என்று மாற்றிவிடலாமா? அங்கேயும் ஒரு பள்ளம் இருக்கிறது. இடத்தை மிச்சம் பிடிக்க, எண்ணிக்கைப் பெட்டியைச் சின்னதாக வைத்துக்கொள்ளவும் கேள்வித்தாளில் வழி உண்டு. அந்தச் சின்னப் பெட்டியில் 65,535-க்கு மேல் அடங்காது. வண்டியில் கிலோ மீட்டர் எண்கள் 99,999-க்குப் பிறகு பூச்சியத்துக்குத் திரும்புவது போல் இதுவும் திரும்பிவிடும். 6 லட்சத்துக்கு அதில் இடம் ஏது?

எண்ணிக்கைப் பெட்டி நிரம்புவது தோட்டத்தோடு போகிற சங்கதி அல்ல. போயிங் 787 விமானத்தில், மின்சாரத்தை அணைக்காமல் 248 நாள் தொடர்ந்து வைத்து இருந்தால், ஜெனரேட்டர்களைக் கவனிக்கும் மூளைகளின் எண்ணிக்கைப் பெட்டி நிரம்பி, மின்சாரம் முழுவதும் போய்விடக்கூடும் என்று 2015-ம் ஆண்டு தெரிய வந்தது. அவ்வப்போது மின்சாரத்தை அணைத்துப் போடும்படி அமெரிக்க விமானத் துறை உத்தரவு போட்டது!

மாணவர் செய்ய வேண்டியது இரண்டு. பெட்டியைப் பெரிதாக்கி, 32 பிட் என்று கேள்வித்தாளில் குறிக்க வேண்டும். நேரத்தை டிக் கணக்கில் எழுதாமல், மில்லி விநாடிக் கணக்கில் எழுத வேண்டும். எத்தனை டிக் என்று மாற்றிக்கொள்வதை மேஸ்திரியிடமே விட்டுவிடலாம். ஃப்ரீ ஆர்.டி.ஓ.எஸ்.சில் அதற்கு என்றே ஒரு வசதி இருக்கிறது. அப்புறம் டிக் 100 ஆனாலும் 1,000 ஆனாலும், வால்வு 10 நிமிஷம் திறந்து இருக்கும்.

இதைப் பழக லட்ச ரூபாய் எந்திரம் வேண்டாம். சில நூறு ரூபாய்க்குச் சில் பலகை கிடைக்கிறது. அதுவும் இல்லாவிட்டால், சாதாரணக் கம்ப்யூட்டரிலேயே இந்த மேஸ்திரிகளை ஓடவிட்டுப் பார்க்கலாம். மேஸ்திரி மட்டும் அல்ல, மூளையைக்கூட நம் ஊரிலேயே வடிவமைக்கிறார்கள். சென்னை ஐ.ஐ.டி.யில் உருவான "சக்தி" சில், 2018-ம் ஆண்டு வெளிவந்தது.

பழகுகிறவர்கள் முதல் நாள் செய்வது ஒரு விளக்கை மினுக்குவது. அரை விநாடி எரிய வேண்டும். அரை விநாடி அணைய வேண்டும். டிக் எண்ணிக்கையை மாற்றிப் பாருங்கள். விளக்கு திடீர் என்று மின்மினி போல் படபடத்தால், எங்கே தவறு என்று இப்போது உங்களுக்கே தெரியும்.