கச்சான் மூட்டையில் கண்ணுக்குத் தெரியாத நஞ்சு

மழையில் நனைந்த கச்சானை என்ன செய்வது? இடம்பெயர்ந்த குடும்பங்களிடமிருந்து நாம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. தறப்பாள் கொட்டிலின் மண் தரையில் வைத்த சாக்கில், சில கிழமைகளுக்குள் அடிப்பக்கம் பச்சைப் பூஞ்சணம் படிந்துவிடுகிறது. அதைத் துடைத்து, வெயிலில் காயவைத்து, வறுத்துச் சாப்பிட்டால் போதாதா? வீட்டில் வேறு தானியம் இல்லாதபோது இது நியாயமான கேள்விதான். விடை சொல்வதற்கு முன், ஆய்வுகூடத்தில் இத்தகைய கச்சானில் எதைத் தேடுகிறார்கள் என்று பார்ப்போம்.

1960ஆம் ஆண்டு இங்கிலாந்தில் 1,00,000க்கும் அதிகமான வான்கோழிகள் சில மாதங்களுக்குள் இறந்தன. நோய்க்கிருமி எதுவும் அகப்படவில்லை. எல்லாப் பண்ணைகளுக்கும் பொதுவாக இருந்தது பிரேசிலில் இருந்து வந்த கச்சான் பிண்ணாக்குத் தீனி. அஸ்பர்ஜிலஸ் பிளேவஸ் என்னும் பூஞ்சணம் அதில் ஒரு நஞ்சை விட்டுச் சென்றிருந்தது. பூஞ்சணத்தின் பெயரைக் கொண்டே அந்த நஞ்சுக்கு அஃப்ளாடொக்சின் என்று பெயரிட்டார்கள்.

கிருமியும் நஞ்சும் ஒன்றல்ல. சல்மொனெல்லா போன்ற பற்றீரியா உணவில் இருக்கிறதா என்று பார்க்க, 25 கிராம் உணவை ஊட்டக் கரைசலில் இட்டு, 37 பாகை செல்சியஸ் வெப்பத்தில் வைத்து வளரவிடுவார்கள். உயிருள்ளது பெருகும், சில நாட்களில் முடிவு தெரியும். நன்றாக வேகவைத்தால் அது செத்துவிடும். அஃப்ளாடொக்சினோ உயிரற்ற இரசாயனப் பொருள். பூஞ்சணம் செத்தாலும், துடைத்தெடுத்தாலும், பருப்புக்குள் இறங்கிய நஞ்சு அங்கேயே இருக்கும். கொதிக்கும் நீர் அதை ஒன்றும் செய்யாது. வறுத்தால் ஒரு பங்கு குறையலாம், மிச்சம் இருக்கும்.

ஆகவே இதை வளர்த்துப் பார்க்க முடியாது, பிரித்தெடுக்கவே வேண்டும். கச்சானை மாவாக அரைத்து, மெதனோலும் நீரும் கலந்த திரவத்தில் குலுக்கி வடிப்பார்கள். வடித்ததில் ஒரு துளியை மெல்லிய பூச்சுள்ள தகட்டில் இட்டு, திரவத்தில் ஊறி மேலேறவிட்டு, ஊதாக் கடந்த ஒளியில் பார்ப்பார்கள். நஞ்சு இருந்தால் நீலமாகவோ பச்சையாகவோ ஒளிரும். அந்த நிறங்களின் ஆங்கில முதலெழுத்துக்களே பி, ஜி என்ற வகைப் பெயர்களாயின. இப்போது அளவைத் துல்லியமாகச் சொல்லும் கருவிகளும், விரைவில் முடிவு காட்டும் கீற்றுக்களும் உள்ளன. மேலும் பதப்படுத்தப்படவுள்ள கச்சானுக்குச் சர்வதேச உணவு நியமம் இட்டுள்ள எல்லை, கிலோவுக்கு 15 மைக்கிரோகிராம். ஒரு கிலோவை நூறு கோடிப் பங்காக்கினால் அதில் 15 பங்கு. நாக்குக்கு இது எப்படித் தெரியும்?

இவ்வளவு நுட்பமான பரிசோதனையும் மாதிரி எடுக்கும் கையில்தான் தங்கியிருக்கிறது. நஞ்சு மூட்டை முழுவதும் சமமாகப் பரவியிருப்பதில்லை. ஆயிரக்கணக்கான பருப்பில் ஒன்றிரண்டிலேயே மிகுதியாக இருக்கக்கூடும். மேலே இருந்து ஒரு பிடி அள்ளிக் கொடுத்து "நஞ்சு இல்லை" என்று பதில் வந்தால், அந்தப் பிடியில் இல்லை என்பதே அதன் பொருள். ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி பெரிய கச்சான் தொகுதி ஒன்றில் 100 இடங்களில் 200 கிராம் வீதம், மொத்தம் 20 கிலோ எடுத்து அரைத்துக் கலக்க வேண்டும். ஒரு குடும்பத்தின் முழு விளைச்சலே சில வேளை அவ்வளவுதான் இருக்கும்!

மனிதருக்கு என்ன ஆகும்? 1974இல் இந்தியாவின் ராஜஸ்தான், குஜராத் கிராமங்களில் மழையில் நனைந்த சோளத்தை உண்ட ஏழைக் குடும்பங்களில் 100க்கும் மேற்பட்டோர் மஞ்சள் நிறமாகி, வயிறு வீங்கி இறந்தனர். அதே உணவைத் தின்ற வீட்டு நாய்களும் செத்தன. 2004இல் கென்யாவில் 125 பேர் இறந்ததும் சோளத்தாலேயே. சிறிது சிறிதாக நெடுநாள் உட்கொண்டால் ஈரலில் புற்றுநோய் வரலாம். ஹெப்பற்றைற்றிஸ் பி உள்ளவருக்கு ஆபத்துப் பன்மடங்கு. இலங்கையிலும் 2021இல் இறக்குமதியான தேங்காயெண்ணெயில் இந்நஞ்சு கண்டறியப்பட்டது.

கடையில் வாங்கிய பொருளில் சந்தேகம் என்றால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லலாம். 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டப்படி அவர் மாதிரி எடுத்துப் பகுப்பாய்வுக்கு அனுப்ப முடியும். வீட்டு மூட்டைக்கு நம் கண்ணும் சுளகும்தான். நஞ்சில் பெரும்பங்கு சுருங்கிய, நிறம் மாறிய, உடைந்த, பூஞ்சணம் பிடித்த பருப்புகளிலேயே சேர்வதால், உடைத்த பருப்பைச் சுளகில் பரப்பி அவற்றைப் பொறுக்கி நீக்கினால் ஆபத்துப் பெரிதும் குறையும், முற்றாக நீங்காது. மூட்டை முழுக்கப் பச்சை பிடித்திருந்தால் பொறுக்கிப் பயனில்லை. கழித்ததைக் கோழிக்கோ மாட்டுக்கோ போடாதீர்கள்: மாடு தின்றால் நஞ்சின் ஒரு பங்கு பாலில் வரும். செக்கில் கொடுத்தாலும் பிண்ணாக்கிலும் எண்ணெயிலும் அது தங்கும். குழி வெட்டிப் புதைப்பதே வழி.

அடுத்த போகத்தில், பிடுங்கிய கச்சானை வெறும் தரையில் விடாமல் படங்கில் பரப்பி, இரவில் மூடி, காதருகே குலுக்கினால் கலகலவென்று ஓசை வரும்வரை காயவிடுங்கள். மண்வெட்டி பட்ட காய்களை அன்றே வேறாக்குங்கள். காய்ந்ததைப் பொலித்தீன் பையில் அடைக்காமல் சணல் சாக்கில் கட்டி, கல்லின்மேல் பலகை வைத்து, சுவரில் படாமல் அடுக்குங்கள். கொட்டில் ஒழுகுகிறதென்றால், இருக்கும் ஒரு நல்ல தறப்பாள் துண்டை மூட்டைக்குக் கொடுங்கள்.