மூட்டு வலிக்குப் பருப்பா காரணம்?

"பருப்பு சாப்பிட்டா வாயு. வாயு ஏறினா மூட்டு பிடிச்சுக்கும்." தோட்டத்து லயங்களில் இந்தப் பேச்சைக் கேட்காதவர் இருக்க முடியாது. முழங்கால் வலித்தால் பருப்பை நிறுத்துகிறோம். இடுப்பு பிடித்தால் கிழங்கை ஒதுக்குகிறோம். ஆனால் வேளைக்கு வேளை சீனியைக் கொட்டிக் குடிக்கும் தேத்தண்ணியை நிறுத்துகிறோமா? சம்பள நாளில் வாங்கும் பீர் போத்தலை நிறுத்துகிறோமா? இல்லையே! திருடனை விட்டுவிட்டு, வழியில் போனவனைப் பிடித்துக் கட்டிப்போட்ட கதைதான் இது.

இந்தப் பருப்பு வழக்குக்கு நமக்குப் பக்கத்திலேயே, சிங்கப்பூரிலேயே ஒரு பதில் கிடைத்திருக்கிறது. 'சிங்கப்பூர் சீனர் சுகாதார ஆய்வு' என்ற பெரிய ஆய்வு 1993-ல் தொடங்கியது. 1998 வரை 45 முதல் 74 வயது வரையிலான 63,257 பேரை அதில் சேர்த்தார்கள். அவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டு எழுதிக்கொண்டு, பல ஆண்டுகள் கழித்து யாருக்கு என்ன நோய் வந்தது என்று பார்த்தார்கள். அதில் 'கௌட்' என்னும் மூட்டு வாதத்தைப் பற்றிய முடிவு 2015-ல் வெளியானது. கோழி, மீன், சிப்பி வகைகளை அதிகம் தின்றவர்களுக்கு அந்த வாதம் கூடுதலாக வந்திருந்தது. சோயா, பருப்பு, பயறு வகைகளை அதிகம் சாப்பிட்டவர்களுக்கோ குறைவாகவே வந்திருந்தது!

ஆய்வில் இருந்தவர்கள் சீனர்கள்தான், நமது சமையல் வேறுதான். ஆனாலும் இதற்கு முன்பே, 2004-ல், அமெரிக்காவில் 47,150 ஆண்களை 12 ஆண்டுகள் கவனித்த ஆய்விலும் இறைச்சியும் கடல் உணவும்தான் மாட்டிக்கொண்டன. பட்டாணியும் பீன்ஸும் தப்பித்துக்கொண்டன. ஆகவே, மூட்டு வலிக்குப் பயந்து பருப்பை ஒதுக்க வேண்டியதில்லை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் எவ்வளவு சாப்பிடலாம் என்று டாக்டரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

'கௌட்' வாதம் எப்படி வருகிறது? இரத்தத்தில் யூரிக் அமிலம் என்ற கழிவுப்பொருள் மிஞ்சிப் போகும்போது, அது ஊசி ஊசியாக உறைந்து மூட்டுக்குள் தங்கிவிடுகிறது. ராத்திரி நன்றாகத் தூங்கியவர் விடியும் முன் கால் கட்டைவிரல் நெருப்பாய்க் கொதிக்க அலறி எழுவார். போர்வை பட்டாலும் பொறுக்காது. ஈரல், குடல், நெத்திலி, சிப்பி ஆகியவை இந்த அமிலத்தைக் கூட்டும். பீர் இரண்டு வழியில் கெடுக்கும்: அமிலத்தைக் கூட்டும், அது சிறுநீரில் வெளியேறுவதையும் தடுக்கும். சீனித் தண்ணீர்ப் பானங்களும் இதற்குத் துணை போகின்றன.

ஆனால் எல்லா மூட்டு வலியும் ஒன்றல்ல. வயதாக ஆக முழங்கால் தேய்ந்து வரும் வலி வேறு. படியேறினால் கூடும், உட்கார்ந்தால் குறையும். இரண்டு கை விரல்களும் வீங்கி, காலையில் எழுந்து ஒரு மணி நேரமானாலும் மடக்க முடியாமல் இருந்தால் அது முடக்கு வாதமாக இருக்கலாம். அது நம் உடம்பின் காவல்படையே நம் மூட்டைத் தாக்கும் நோய். அதற்குச் சீக்கிரமே டாக்டரைப் பார்க்க வேண்டும். தள்ளிப்போட்டால் விரல்கள் கோணிப்போகும். சிகரெட் பிடிப்பவர்களுக்கு இந்த நோய் வரும் வாய்ப்பு அதிகம் என்பதையும் ஆண்கள் மறக்கக் கூடாது.

தேய்மான வலிக்கு முதல் மருந்து எடையைக் குறைப்பதுதான். உடம்பில் ஒரு கிலோ குறைந்தால், நடக்கும்போது ஒவ்வோர் எட்டிலும் முழங்காலில் விழும் பாரம் சுமார் நான்கு கிலோ குறைகிறது என்று அளந்து சொல்லியிருக்கிறார்கள். ஐந்து கிலோ குறைத்தால் இருபது கிலோ! ஒரு செம்பனைக் குலையையே முழங்காலிலிருந்து இறக்கி வைத்தது போல.

எடையைக் குறைப்பது எப்படி? ஜோகூர்த் தோட்டங்களிலிருந்து சாமான் வாங்கத் தேக்காவுக்கு வரும் குடும்பங்கள் உண்டு. சிங்கப்பூரில் வேலை செய்யும் நம் பிள்ளைகளும் ஞாயிற்றுக்கிழமையானால் அங்கேதான் கூடுகிறார்கள். அதே தேக்காவில் உடம்பைக் கெடுத்துக்கொள்ளவும் முடியும், காப்பாற்றிக்கொள்ளவும் முடியும்.

சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்ததும் "தே" என்று மட்டும் சொன்னால் கெட்டிப்பாலும் சீனியும் சேர்ந்து வரும். "தே ஓ கோசோங்" என்று கேளுங்கள். பாலும் சீனியும் இல்லாமல் வரும். முடியாவிட்டால் "சியூ தாய்" என்று சொல்லுங்கள். சீனியைக் குறைத்துப் போடுவார்கள். சிங்கப்பூரில் 2022 டிசம்பர் 30 முதல் டின், போத்தல் பானங்களுக்கு ஏ, பி, சி, டி என்று தரம் போடுகிறார்கள். 100 மில்லி லிட்டரில் 10 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் அது 'டி'. அப்படியானால் 325 மில்லி லிட்டர் டின் ஒன்றில் ஆறு தேக்கரண்டிக்கு மேல் சீனி! அடுத்த முறை டின்னைத் திருப்பி எழுத்தைப் பாருங்கள். படிக்கத் தெரியாத பெரியவர்களுக்குப் பிள்ளைகள் படித்துச் சொல்லட்டும்.

பஃபலோ ரோட்டுக் காய்கறிக் கடைகளில் முருங்கைக்கீரை, வெண்டைக்காய், கத்தரிக்காய் எல்லாம் குவிந்து கிடக்கின்றன. தோட்டத்தில் இருப்பவர்களுக்கு அந்தச் செலவும் தேவையில்லை. வீட்டு ஓரத்தில் ஒரு முருங்கைக் கொம்பை நட்டால் போதும். தட்டில் பாதி காய்கறி, கால் பங்கு சோறு, கால் பங்கு பருப்போ மீனோ முட்டையோ என்று வைத்துக்கொண்டால் வயிறும் நிறையும், எடையும் ஏறாது. 'கௌட்' உள்ளவர்கள் மீனையும் கோழியையும் அளவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். மஞ்சள், இஞ்சி, முடக்கத்தான் கீரை எல்லாம் தாராளமாகச் சமையலில் சேருங்கள். ஆனால் டாக்டர் கொடுத்த மருந்துக்குப் பதிலாக அவற்றை நம்பி இருந்துவிடாதீர்கள்.

இனி முதுகு வலி. உலகத்தில் 2020-ல் மட்டும் 61 கோடியே 90 லட்சம் பேர் இடுப்பு வலியால் அவதிப்பட்டார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது. குனிந்து உதிரிப் பழம் பொறுக்குகிறவர்கள், குலை தூக்குகிறவர்கள், பால் வாளி சுமக்கிறவர்கள் தப்ப முடியுமா?

பால் மரம் சீவும் கலையை நினைத்துப் பாருங்கள். 1890-களில் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் தலைவராக இருந்த ரிட்லி, பட்டையை மெல்லியதாகச் சீவினால் மரம் சாகாது, பட்டை மறுபடி வளரும் என்று காட்டினார். கத்தி ஆழமாய் இறங்கி மரத்தில் பட்டால் காயம். அந்த இடம் பழைய நிலைக்கு வராது. நம் முதுகெலும்பும் அப்படித்தான். இடுப்பை வளைத்துத் தூக்காமல், முழங்காலை மடக்கி உட்கார்ந்து, பாரத்தை மார்போடு அணைத்துத் தூக்க வேண்டும். தூக்கியபடி இடுப்பைத் திருகக் கூடாது. பெரிய குலையை இரண்டு பேராய்த் தூக்குவது வெட்கமல்ல.

வலி வந்தால் வாரக்கணக்கில் பாயில் கிடப்பதும் தவறு. ஓரிரு நாள் பாரம் தூக்காமல் ஓய்ந்து, பிறகு மெல்ல மெல்ல நடமாட வேண்டும். நடக்க நடக்கத்தான் முதுகுத் தசை பலப்படும்.

கடைசியாக ஒரு முக்கியமான எச்சரிக்கை. "ஒரே வாரத்தில் வலி பறந்துவிடும்" என்று பெயர் தெரியாத மாத்திரையையும் பொடியையும் விற்கிறார்கள். நாட்டு மருந்து என்று சொல்லி விற்ற இப்படிப்பட்ட பலவற்றில் ஸ்டீராய்டு மருந்து கலந்திருப்பதைச் சிங்கப்பூர்ச் சுகாதார அறிவியல் ஆணையம் கண்டுபிடித்து, திரும்பத் திரும்ப எச்சரித்திருக்கிறது. வலி போவது உண்மைதான். ஆனால் முகம் வீங்கும், சீனி வியாதியும் இரத்த அழுத்தமும் ஏறும், எலும்பு பலமிழக்கும். ஏற்கெனவே சாப்பிட்டு வருகிறவர்கள் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. அந்த மருந்தைக் கையோடு எடுத்துப் போய் டாக்டரிடம் காட்டுங்கள்.

மூட்டு வீங்கிக் காய்ச்சலும் அடித்தால், முதுகு வலியோடு கால் மரத்துப் போனால், மூத்திரம், மலம் கட்டுப்பாடு தவறினால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது.

தோட்டத்துச் சகோதர சகோதரிகளே! உழைத்துப் பிழைக்கும் நமக்கு முதுகும் முழங்காலும்தான் முதல். சம்பளத்தை எண்ணி வாங்குகிற நாம், சீனியையும் எண்ணிப் போடுவோம். பருப்புச் சட்டியை அடுப்பில் ஏற்றுவோம். பீர் போத்தலை வீட்டிலிருந்து இறக்குவோம்!