பாட்டு டவுன்லோடு பண்ணது நீங்க... நோட்டீஸ் அப்பாவுக்கா?

சென்னிமலையில் ஒரு தறிக்காரர் வீடு. பிராட்பேண்ட் கனெக்‌ஷன் அப்பா பேரில். வைஃபை பாஸ்வேர்டு அக்காவுக்கும் தம்பிக்கும் மட்டுமில்லை, பக்கத்து வீட்டுக்கும் தெரியும். இப்போ டொரன்ட்டில் யாரோ ஒரு ஆல்பத்தை இறக்குறாங்க. மாட்டினா யாருங்க மாட்டுவாங்க?

எப்படிக் கண்டுபிடிப்பாங்க?

டொரன்ட்டில் நீங்க பாட்டை வாங்க மட்டும் செய்றதில்லை. வாங்கின துண்டுகளை அதே நேரத்தில் மத்தவங்களுக்கும் அனுப்புறீங்க. அப்போ உங்க ஐ.பி. எண் எல்லோருக்கும் தெரியும். அந்த எண்ணில் பெயர் இருக்காது. ஆனா, அந்த நேரத்தில் அது எந்த வாடிக்கையாளரிடம் இருந்ததுன்னு இன்டர்நெட் கம்பெனியின் பதிவில் இருக்கும். இந்தியாவில் இந்தப் பதிவுகளைக் குறைந்தது 2 வருடம் வைத்திருக்கணும்னு 2021 டிசம்பரில் விதி வந்தது.

அமெரிக்காவில் நடந்தது

2003-ல் அமெரிக்க இசை நிறுவனங்களின் சங்கம் ரசிகர்கள் மேலேயே வழக்கு போட ஆரம்பித்தது. 12 வயசு சிறுமிக்காக அவள் அம்மா 2,000 டாலர் கட்டினார். 24 பாட்டுக்காக ஒரு பெண்ணுக்குக் கடைசியில் நின்ற தொகை 2,22,000 டாலர்!

வாடிக்கையாளர் பெயரைக் கேட்டபோது வெரைசான் நிறுவனம் மறுத்து கோர்ட்டுக்குப் போனது. வழக்கே போடாமல், நீதிபதி பார்க்காமல் பெயர் கேட்க முடியாதுன்னு 2003 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. அதன் பிறகு, பெயர் தெரியாத ஆள் மேல் முதலில் வழக்கு, கோர்ட் அனுமதியோடு பெயர் என்று வழி மாறியது.

நம்ம ஊரில்?

இங்கே பெரும்பாலும் ஆளைத் தேடலை, கதவை மூடினாங்க. 2012-ல் '3' படத்துக்காகச் சென்னை உயர் நீதிமன்றம் கொடுத்த உத்தரவால், வீமியோ மாதிரி முழு தளங்களையே நிறுவனங்கள் முடக்கின. குறிப்பிட்ட லிங்க்கை மட்டும் தடுத்தால் போதும்னு அதே வருடம் ஜூனில் கோர்ட் தெளிவுபடுத்தியது. அதே 2012-ல் கல்கத்தா உயர் நீதிமன்ற உத்தரவால் 104 பாட்டுத் தளங்களுக்குப் பூட்டு.

அதுக்காக நிம்மதியா இருக்க முடியாது. காப்புரிமைச் சட்டம் 63-வது பிரிவில், தெரிந்தே மீறினால் 6 மாதம் முதல் 3 வருடம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

தனியுரிமை காப்பாத்துமா?

ஓரளவுக்கு. தனியுரிமை அடிப்படை உரிமைன்னு 2017-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதில் அரசு கை வைக்கணும்னா சட்டம் இருக்கணும், நியாயமான தேவை இருக்கணும், தேவைக்கு மேல் போகக் கூடாது. ஆனா 2023 தகவல் பாதுகாப்புச் சட்டம், சட்ட உரிமையை நிலைநாட்டத் தேவைப்படும் தகவலுக்கு விலக்கும் தருது.

ஐ.பி. எண் கனெக்‌ஷனைத்தான் காட்டும், பட்டனை அழுத்தின விரலை இல்லை. அதனால முதல் கேள்வி அப்பாவுக்குத்தான் வரும். பாஸ்வேர்டை இன்னைக்கே மாத்துங்க. ஊரெல்லாம் ஹாட்ஸ்பாட் கொடுக்காதீங்க.

கைத்தறிக்குன்னு ஒதுக்கின பெட்ஷீட்டைப் பவர்லூமில் அடிச்சு வித்தால் நமக்கு எப்படிக் கொதிக்கும்? பாட்டு போட்டவங்களுக்கும் அப்படித்தானுங்க.