பாதிக் காடு தென்னை, பாதிக் காடு சோளம்

கோவை மாவட்டத்துக்கு ஆண்டுக்குச் சராசரியாகக் கிடைப்பது 700 மில்லிமீட்டரை ஒட்டிய மழைதான். தென்மேற்குப் பருவமழையின் பெரும்பகுதியை மேற்குத் தொடர்ச்சி மலை கேரளப் பக்கமே இறக்கிவிடுகிறது. சூலூர், பல்லடம், காங்கேயம் என்று கிழக்கே போகப் போக, ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பித்தான் மானாவாரிக் காடு. ஆகவே கொங்கு மண்ணுக்கு வறட்சி புதிதில்லை. ஏற்ற இறக்கத்தின் அளவுதான் புதிது. 2016-ல் தமிழகத்தில் வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட 60 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. ஐந்தே ஆண்டுகளில், 2021-ல், ஏறத்தாழ அதே அளவுக்குக் கூடுதலாகக் கொட்டியது. வரப்போவது எந்த ஆண்டு என்று விதைக்கும்போது தெரியாத நிலையில், இரண்டு மூன்று ஏக்கர் வைத்திருப்பவருக்கு மிகவும் தேவைப்படுவது, தண்ணீர் இல்லாத ஆண்டில் குறைந்த நட்டத்தோடு ஒதுங்கிக்கொள்ளும் வசதி. அந்த வசதியைத்தான் கொங்கு நாடு கொஞ்சம் கொஞ்சமாக இழந்து வருகிறது.

காரணம், தென்னை. சோளமோ நிலக்கடலையோ போடுகிறவர், மழை ஏமாற்றினால் ஒரு போகத்தை விட்டுவிடலாம். போவது விதையும் உழவுக்கூலியும். தென்னையை ஒரு கோடைகூட அப்படி விட முடியாது. வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரைப்படி, மாசி முதல் வைகாசி வரை சொட்டுநீரிலேயே ஒரு மரத்துக்கு நாளொன்றுக்கு 65 லிட்டர் வேண்டும். ஏக்கருக்கு 70 மரம் என்றால் 4,550 லிட்டர். கடும் வறட்சியில் 22 லிட்டராவது கொடுத்து மரத்தைக் காப்பாற்றச் சொல்கிறார்கள். அந்த உயிர்த்தண்ணீரும் கிணற்றில் இல்லாமல், 2017 கோடையில் பொள்ளாச்சி, கிணத்துக்கடவுப் பக்கம் லாரியில் விலைக்கு வாங்கி ஊற்றினார்கள். பரம்பிக்குளம்–ஆழியாறு பாசனம், ஒரு மண்டலத்துக்கு இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை தண்ணீர் என்ற கணக்கில் ஓடுவது. பருத்திக்கும் கடலைக்கும் பொருந்திய அந்த முறை, ஆண்டு முழுவதும் தாகம் எடுக்கும் மரத்துக்கு எப்படிப் பொருந்தும்? இடைவெளியை நிரப்ப ஆயிரம் அடி தாண்டி போர் போடுகிறோம்.

தென்னை வைத்தவரைக் குறை சொல்வது நியாயமில்லை. களையெடுக்கவும் பருத்தி எடுக்கவும் ஆள் இல்லை; பனியன் கம்பெனி கொடுக்கும் கூலியைத் தோட்டம் கொடுக்க முடியாது. நாற்பத்தைந்து நாளுக்கு ஒரு வெட்டு, கையில் காசு என்பது சிறு குடும்பத்துக்குப் பெரிய ஆறுதல். சோளம் விற்று மகளைக் கல்லூரிக்கு அனுப்ப முடியுமா என்று அவர் கேட்டால், சோளத்தை மட்டும் விற்று முடியாது என்பதே நேர்மையான பதில்.

சொட்டுநீர்ப் பாசனம் இருக்கிறதே என்பார்கள். சிறு, குறு விவசாயிக்கு 100 சதவீத மானியம் தருவது நல்ல திட்டம்தான். ஆனால் மின்சாரமும் இலவசம் என்கிறபோது, மிச்சமாகும் தண்ணீர் நிலத்தடியில் தங்குவதில்லை. அடுத்த அரை ஏக்கருக்குப் புதுக் கன்று வாங்க வைக்கிறது. அத்திக்கடவு–அவினாசித் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கப்பட்டு 1,045 குளம் குட்டைகளுக்குத் தண்ணீர் கொண்டுபோகிறது. பல்லாண்டுப் போராட்டத்தின் பலன் அது, பெருமைக்குரியது. ஆனாலும் அது எடுப்பது பவானியின் உபரிநீர். உபரி இல்லாத ஆண்டில் என்ன செய்வது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

அந்தக் கேள்விக்குக் காங்கேயம், தாராபுரம் பக்கத்துக் கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலங்களில் ஒரு விடை இருக்கிறது. சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல மரம். ஒரு நல்ல மழைக்குப் புல் தழைக்கும். அது காய்ந்த கோடையில் வெள்வேலங்காய் உதிர்ந்து ஆட்டுக்குத் தீனியாகும். விளைச்சல் பொய்த்த ஆண்டிலும் வீட்டில் பாலும், விற்க நாலு குட்டியும் இருக்கும். மானாவாரிச் சோளத்தின் மதிப்பும் இந்தக் கணக்கில்தான் தெரியும். கதிர் பிடிக்காமல் போனாலும் தட்டு மாட்டுக்கு ஆகும். களையெடுக்க ஆள் கேட்காத கொள்ளும் அப்படித்தான். எல்லாரும் தென்னையை வெட்டிவிட்டுச் சோளம் விதைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கிணறு கோடையில் எத்தனை மரத்தைத் தாங்குமோ அத்தனையோடு நிறுத்தி, உரித்த தேங்காய் மட்டைகளைக் குழியில் குழிவான பக்கம் மேலே பார்க்க அடுக்கி ஈரம் காத்து, மீதி நிலத்தை ஆண்டுப் பயிருக்கும் மேய்ச்சலுக்கும் விடுவதே பாதுகாப்பு.

இப்போது ஆனைமலை, பொள்ளாச்சி வட்டாரத்தில் வேர் வாடல் நோய் தாக்கிய மரங்களை வெட்டி அகற்றிக்கொண்டிருக்கிறார்கள். வேதனையான காட்சி அது. ஆனால் பல தோப்புகளில் வெற்றிடம் உண்டாகியிருப்பது உண்மை. அங்கே மறுபடியும் கன்று நடுகிறவருக்குக் கிடைக்கும் உதவி, தீவனச் சோளமோ பயறோ போட்டு இரண்டு மாடு கட்ட நினைப்பவருக்கும் குறையாமல் கிடைக்க வேண்டும். கோடையில் கிணற்றின் நீர்மட்டத்தை அளந்து, எத்தனை கன்று தாங்கும் என்று தோட்டக்கலை அலுவலர் எழுதிக்கொடுத்த பிறகே கன்று வழங்குவதை இந்த நடவிலிருந்தே தொடங்கலாம்.